எதிர்ப்பக்கத்தை முதலில் சொல்லுங்கள்

காரைநகரிலிருந்து பொன்னாலைத் தாம்போதியைக் கடந்தால் சிறிது தூரத்தில் வட்டுக்கோட்டை. அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் அங்கே ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணம் அந்தச் செமினரிக்கும் பக்கத்து அராலிக்கும் இடையே ஒரு பலப்பரீட்சையாகிவிட்டது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் சொன்ன நேரத்துக்கும் செமினரியின் டானியல் பூர் கணித்த நேரத்துக்கும் கால் மணித்தியாலம் வித்தியாசம். கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதிலும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. அன்றிரவு வானத்தைப் பார்த்தவர்களுக்குப் பூரின் கணக்கே சரியென்று தெரிந்தது.

இதுவரைக்கும் சரி. பஞ்சாங்கம் பிழைத்தால் புராணம் பிழை, புராணம் பிழைத்தால் சைவமே பிழை என்று மிஷனரித் தரப்பு அந்த வெற்றியை இழுத்துக்கொண்டு போனதுதான் வினை. அவ்வளவு பாரத்தை ஒரு கிரகணம் தாங்காது. ஒருவரின் வாய்பாட்டில் பிழை இருந்தது என்பதற்கு மேல் அந்த இரவு எதையும் நிறுவவில்லை. ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31-ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கியபோது மிஷனரிமாரின் மேடைமுறையையே கையில் எடுத்துக்கொண்டார். கேள்விக்குக் கேள்வி, ஆதாரத்துக்கு ஆதாரம் என்று இந்த யாழ்ப்பாணக் குடாநாடு சமயத்தை வாதித்த காலம் அது. கடுஞ்சொல் இரு பக்கமும் தாராளமாக இருந்தது. ஆனாலும் மற்றவரின் நூலைப் படிக்காமல் மறுப்பு எழுதியவர்கள் குறைவு.

இன்றைக்கு அந்த ஒழுக்கம் கைநழுவிவிட்டது என்பதே எங்கள் கவலை. கோயில் வழக்கம் ஒன்றைப் பற்றி வட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேள்வி கேட்கிறார். மூன்றாவது பதிலிலேயே அவர் எந்தப் பகுதி, யாருடைய மகன், எத்தனை வருடமாகக் கோயில் வாசலை மிதிக்கவில்லை என்பதெல்லாம் வந்துவிடுகிறது. கேட்ட கேள்வி கேட்ட இடத்திலேயே கிடக்கிறது.

தருக்கம் படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவரவில்லை. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய உரிமை கேட்டுத் தாழ்த்தப்பட்டோர் சத்தியாக்கிரகம் இருந்தபோது வழிமறித்து நின்றவர் செல்லப்பா சுந்தரலிங்கம். சாதாரண ஆள் அல்ல. இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். தருக்கம் அவருக்குச் சோறு. கோயில் பழைய வழக்கப்படி நடக்கவேண்டும், பழைய வழக்கத்தில் இன்னார் உள்ளே வந்ததில்லை, ஆகவே இப்போதும் வரக்கூடாது என்பதே அவர் வாதத்தின் சாரம். படிகள் வரிசையாகவே ஏறுகின்றன. முதற்படிதான் பழுது. ஒரு வழக்கம் நீண்டகாலம் இருந்தது என்பதிலிருந்து அது நியாயமானது என்ற முடிவு தானாக வராது. 1957-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். கோமறைக் கழகம் வரை போயும் வெல்லவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1956-இலேயே எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கணிதப் பேராசிரியருக்குக் கண்ணெதிரே இருந்த எதிர் உதாரணம் அது.

கோயிலில் கிடாய் பலியிடும் வேள்வி விவகாரத்தில் இரண்டு தரப்பும் சறுக்கின. கருகம்பனை கவுணாவத்தை நரசிங்க வைரவர் கோயில் வேள்வி குடாநாடு முழுக்கப் பெயர்பெற்றது. வருடம் முழுக்கத் தவிடும் குழையும் போட்டு, குளிப்பாட்டி, பிள்ளைபோல வளர்த்த கிடாய்களை மாலை போட்டுக் கொண்டுவருவார்கள். அகில இலங்கை சைவ மகா சபை வழக்குத் தொடுத்தது. 2017 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன், கோயில்களில் மிருகபலிக்குத் தடை விதித்துத் தீர்ப்பளித்தார். அடுத்த வருடம் அமைச்சரவையும் தடைச் சட்டத்துக்குக் கொள்கையளவில் இணங்கியது. ஊர்ச்சனம் மட்டும் இன்னும் ஒன்றுபடவில்லை.

ஏனென்றால் நாலைந்து கேள்விகளைப் போட்டு ஒரே குழம்பாக்கிவிட்டோம். மிருகம் துன்பப்படுகிறதா என்பது கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கக்கூடிய விஷயம். சைவ நூல்கள் அனுமதிக்கின்றனவா என்பதை நூலைப் புரட்டித்தான் பார்க்கவேண்டும். நாவலரே பலியைக் கண்டித்தவர். வைரவர் கேட்கிறாரா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. "பங்கு இறைச்சி வாங்கித் தின்னாத ஆளா நீர்?" என்ற எதிர்க்கேள்வி, கேட்டவரின் வாயை அடைக்கும், பலியை நியாயப்படுத்தாது. ஆனால் அதை வெறும் குதர்க்கம் என்று தள்ளிவிடவும் கூடாது. கொல்வதே பிழையா, சாமியின் பெயரால் கொல்வதுதான் பிழையா என்று அது நம்மிடம் கேட்கிறது. தடையை ஆதரித்தவர்களில் எத்தனை பேர் அதற்கு நேரே பதில் சொன்னார்கள்? பிராமணர் பூசை செய்யும் பெருங்கோயில்காரர்கள் தங்கள் ஆசாரத்தைச் சிறுகோயில்காரர் தலையில் கட்டுகிறார்கள் என்ற மனத்தாங்கலும் உள்ளே புகைந்துகொண்டிருந்தது. அதை யாரும் மேடையில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வாதம் சூடாகியிருக்கும், தெளிந்துமிருக்கும். எங்களைக் கேட்டால், கோயில் வீதியில் பலி நிற்பதே நல்லது. அந்த முடிவுக்கு நாம் வருவது உயிரின் வலியை முன்வைத்து. "நாகரிகமானவர்கள் இதைச் செய்வார்களா" என்ற இளக்காரத்தை முன்வைத்து அல்ல.

எதிராளியின் கட்சியை ஒழுங்காக எடுத்துச் சொல்வது நமக்கு எங்கிருந்தோ வந்த பழக்கமில்லை. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கத்தில்தான் தொடங்குகிறது. உலகாயதன் முதல் பாஞ்சராத்திரி வரை ஒவ்வொருவரின் கொள்கையையும் எடுத்து வைத்து மறுத்த பிறகே தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம். மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் திறம் கேட்கிறாள். அதே காப்பியத்தின் பிற்பகுதி போலி ஏதுக்களை வகைவகையாகப் பிரித்துக் காட்டுகிறது. சித்தியாரைப் பூசிக்கும் ஊரில் பரபக்கத்தைப் படிப்பாரில்லை. நமது பட்டிமன்றங்கள் பகிடிக்குப் பகிடி சொல்லும் கூத்தாகிவிட்டன. கைதட்டலைப் பார்த்து நடுவர் தீர்ப்புச் சொல்கிறார்.

அந்தப் பழைய பழக்கத்தை மீட்கும் பொறுப்பு ஒருவர் தலையில் விழக்கூடியதல்ல. பாடசாலை விவாதப் போட்டிகளில் பிள்ளை தன் கட்சியைச் சொல்லுமுன் எதிர்க்கட்சியை அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்னால் அதற்கும் புள்ளி உண்டு என்று ஆசிரியர்கள் விதி வைக்கலாம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து தேருக்கும் கோபுரத்துக்கும் பணம் அனுப்பும் உறவுகள், உபயத்தின் அளவை வாதத்தின் அளவாக எண்ணாதிருக்கவேண்டும். உள்ளூர்க்காரரும் "வெளிநாட்டுக்காரருக்கு என்ன தெரியும்" என்ற ஒரு வசனத்தோடு அவர்கள் வாயை அடைக்கக்கூடாது. குருமார், போதகர்மார் தங்கள் பிரசங்கத்தில் பிற சமயத்தைப் பற்றிச் சொல்வதை அந்தச் சமயத்தவர் ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார் என்று எண்ணிச் சொல்லலாம். பத்திரிகைகளாகிய நாமும் தப்பமுடியாது. மறுப்புக் கடிதத்தை உட்பக்கத்து மூலையில் போடுவது எங்கள் தொழிலில் உள்ள நெடுநாள் கெட்ட பழக்கம்.

கோயில் பரிபாலன சபைகளுக்கு ஒரு நடைமுறை. வழக்கம் ஒன்றை மாற்றுவதா விடுவதா என்று பொதுக்கூட்டம் கூடும்போது இரண்டு தரப்பின் காரணங்களையும் ஒரே தாளில் அச்சடித்து ஒரு கிழமைக்கு முன்பே சனசமூக நிலையங்களில் ஒட்டுங்கள். மாற்றம் வேண்டும் என்பவர் கூட்டத்தில் முதலில் எழுந்து, வேண்டாம் என்பவரின் காரணத்தை வாசிக்கட்டும். "ஓம், நாங்கள் சொல்வது அதுதான்" என்று அவர்கள் தலையாட்டிய பிறகு தன் மறுப்பைத் தொடங்கட்டும். பிறகு மற்றவர் முறை. தலையாட்டாவிட்டால் திருத்தி மறுபடி வாசிக்கவேண்டும். கூட்டம் இரவு ஒன்பது மணி தாண்டலாம். தேநீருக்குச் சொல்லி வையுங்கள்.