விசாரணையின்றித் தண்டிக்கும் இழுவை லொறிகள்

ஐக்கிய அமெரிக்காவில் வீடு வாங்குபவர்களில் பெருந்தொகையினர் வீட்டோடு சேர்த்து ஒரு சிறிய அரசாங்கத்தையும் வாங்கிக்கொள்கின்றனர். வீட்டு உரிமையாளர் சங்கம் என்பது அதன் பெயர். சுவரின் நிறம், புல்லின் உயரம், குப்பைத்தொட்டி வெளியே வைக்கப்படும் நேரம் ஆகிய அனைத்துக்கும் அதனிடம் விதிகள் உண்டு. ஆனால் அந்த அரசாங்கத்தின் உண்மையான முகத்தைக் காண வேண்டுமானால் வாகனத் தரிப்பிடத்துக்குத்தான் செல்ல வேண்டும். இரவு நிறுத்திய காரைக் காலையில் காணாத விருந்தினர், களவு போய்விட்டதென்று பொலிஸாரிடம் சென்ற பின்னரே, சங்கம் அமர்த்திய நிறுவனம் அதை இழுத்துச் சென்றுவிட்டது என்பதை அறிந்துகொள்கிறார்.

தீயணைப்பு நீர்க்குழாயை மறித்து நிற்கும் வாகனத்தை அகற்றத்தான் வேண்டும். வாயிலை அடைத்து நிற்பதையும் அவ்வாறே. அதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் அனுமதி அட்டையைக் கண்ணாடியில் ஒட்ட மறந்த காருக்கும், கோட்டைச் சற்றே தாண்டி நின்ற காருக்கும் அதே தண்டனையா?

கலிபோர்ணியாவை எடுத்துக்கொள்வோம். 1985 இல் இயற்றப்பட்ட டேவிஸ்-ஸ்டேர்லிங் சட்டத்தின்படி, ஓர் உறுப்பினருக்கு அபராதம் விதிப்பது பற்றி ஆராய்வதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் சங்கத்தின் நிர்வாக சபை அவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர் தமது பக்க நியாயத்தைக் கூற இடமளிக்க வேண்டும். 2025 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், சுகாதாரமும் பாதுகாப்பும் சம்பந்தப்படாத மீறல்களுக்கான அபராதத்தை 100 டொலருக்கு மட்டுப்படுத்தியது. ஆனால் வாகனச் சட்டத்தின் 22658 ஆம் பிரிவோ, 17 அங்குலத்துக்கு 22 அங்குல அளவில் ஓர் அறிவித்தல் பலகை முறைப்படி வாயிலில் இருந்தாலே முன்னறிவித்தலின்றி வாகனத்தை அகற்ற இடமளிக்கிறது. நூறு டொலருக்கு விசாரணை. பல நூறு டொலர் செலவை இழுத்துவரும் நடவடிக்கைக்கு ஒரு பலகை. இது எந்த ஊர் நியாயம்?

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நோக்க வேண்டும். இந்த ஏற்பாடுகள் பலவற்றில் சங்கம் இழுவை நிறுவனத்துக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை. காரை மீட்க வருபவரே முழுச் செலவையும் செலுத்துகிறார். தவறைக் கண்டுபிடிப்பவருக்கே தண்டப்பணம் சேருமாயின் தவறுகள் பெருகாமல் என்ன செய்யும்? இந்த ஆபத்தைச் சட்டம் அறிந்தேயுள்ளது. இழுவை நிறுவனங்கள் தரகுப்பணம் கொடுப்பதை அது தடை செய்கிறது. நீர்க்குழாய், தீயணைப்புப் பாதை, வாயில் ஆகிய இடங்களைத் தவிர்த்து, பொதுவாக இழுக்கும் வேளையில் இடத்துக்குப் பொறுப்பானவர் அல்லது அவரது முகவர் அங்கே நின்று எழுத்தில் கையொப்பமிட வேண்டும் என்கிறது. மிகைக் கட்டணம் அறவிடுபவர் அதன் நான்கு மடங்குக்குப் பொறுப்பாளி என்கிறது. ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு இவற்றை யார் மேற்பார்வை செய்வது? முதலில் பணத்தைக் கட்டிக் காரை எடு, பின்னர் வழக்காடு என்பதே நடைமுறை.

விதிகளுக்கு உடன்பட்டுத்தானே வீடு வாங்கினீர்கள் என்று சங்கத்தினர் கேட்பார்கள். விருந்தினர் எதிலும் கையொப்பமிடவில்லையே!

நியூ ஹாம்ப்ஷயரில் 2007 பெப்ரவரியில் ஒரு வாடகைக் குடியிருப்பில் நடந்தது இதற்கு உரைகல். பனியை அகற்றுவதற்காக ஒருவரின் கார் இழுத்துச் செல்லப்பட்டது. அவரோ நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். பின்னர் வைத்தியசாலையில் அவரது காலொன்றின் பாதம் அகற்றப்பட்டது. செலவைச் செலுத்திக் காரை மீட்க அவரது சட்டத்தரணி முயன்றும், நிறுவனம் அதைக் கைமாற்றிவிட்டது. மத்திய சட்டம் தன்னைப் பாதுகாக்கிறது என்று வாதாடிய நிறுவனத்தின் கூற்றை, 2013 இல் உயர் நீதிமன்றம் ஏகமனதாக நிராகரித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பேர்க். வழக்குத் தொடரும் உரிமையை நிலைநாட்டவே ஆறு வருடங்கள் சென்றன.

புளோரிடா 2024 இல், வீட்டுக்காரர் தமது சொந்த வாகனப்பாதையில் தமது பிக்கப் வண்டியை நிறுத்துவதைச் சங்கங்கள் தடுக்க முடியாதென்று சட்டமியற்றியது. இதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே வெட்கக்கேடு.

உயிராபத்தும் வழி மறிப்பும் இல்லாத எந்தச் சந்தர்ப்பத்திலும், எச்சரிக்கைத் துண்டு ஒட்டி அவகாசம் அளித்த பின்னரே வாகனத்தை அகற்ற வேண்டும். அபராதத்துக்கு உள்ள விசாரணை இதற்கும் வேண்டும். அந்நாட்டில் வீடு வாங்கியுள்ள நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை: கலிபோர்ணியாவில் நிர்வாக சபைக் கூட்டங்களுக்குச் செல்லவும், சங்கம் செய்த ஒப்பந்தங்களைப் பார்வையிடவும் உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. இழுவை நிறுவனத்துடனான ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். உங்கள் பெயரால் கையொப்பமிடப்பட்ட அந்தத் தாளின்படி நாளை இழுக்கப்படுவது உங்கள் விருந்தினரின் காராகவும் இருக்கலாம்.