தகவல் அடையாறில், குப்பை பெருங்குடியில்

ஆங்கிலத்தில் 'பொல்யூஷன்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் உண்டு: மாசு, தீட்டு. மாசு பொருளில் இருக்கிறது. அதை அளக்கலாம், குறைக்கலாம். தீட்டு மனிதர்மீது ஏற்றப்படுவது. அதை அளக்கக் கருவி கிடையாது. சென்னையில் மாசைக் குறைப்பது பற்றிப் பேசும் குழுக்கள் ஏராளம். அவற்றின் பேச்சில் இந்த இரண்டாவது சொல் வருவதே இல்லை. வராமலேயே அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் வாதம்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிக் குடியிருப்போர் சங்கங்கள் குப்பை பற்றித் தங்களுக்குள் தகவல் பகிர்வது புதிய பழக்கமல்ல. வங்கி அதிகாரியாக இருந்த எம்.பி. நிர்மல் 1989இல் எக்ஸ்னோராவைத் தொடங்கினார். தெருவாசிகள் மாதாமாதம் சிறு தொகை போட்டு ஓர் ஆளை நியமிப்பார்கள். அவர் மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை எடுப்பார். ஒரு தெருவில் பலித்த முறையை அடுத்த தெரு கற்றுக்கொண்டது, அதைப் பார்த்து அடுத்த ஊர் கற்றுக்கொண்டது. இணையம் இல்லாத காலத்தில் இது சாதாரண வேலையல்ல. வண்டி மிதித்தவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்'. குப்பை பொறுக்குபவர் என்று ஏசப்பட்டவருக்கு மரியாதையான ஒரு பெயர். அந்த நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பெயர்தான் மாறியது. சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் நாற்காலிகளில் எந்தச் சாதிகள் உட்கார்ந்தன, வண்டியை மிதிக்க எந்தச் சாதிகள் வந்தன என்பதை எழுதி வைக்கத் தேவையிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இன்று அதே வலைப்பின்னல் வாட்ஸப்பில் இருக்கிறது. மொட்டை மாடியில் உரம் போடுவது எப்படி, எந்தக் கடையில் மறுநிரப்பல் கிடைக்கும், பழைய பேட்டரியை யாரிடம் கொடுப்பது என்று நாள் முழுக்கச் செய்தி வந்துகொண்டே இருக்கும். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் தடைக்கு வந்தபோதும், 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்றபோதும் இந்தக் குழுக்கள் சுறுசுறுப்பாக இருந்தன. பயனுள்ள தகவல்தான், நானே நிறையக் கற்றிருக்கிறேன்.

அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த உரப் பயிற்சிக்குப் போயிருந்தேன். இரண்டு மணி நேர வகுப்பு. அந்த வளாகத்தின் குப்பையைத் தினமும் எடுக்கும் அக்கா வெளியே வாசலில் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். மாதிரிக்கு ஒரு தொட்டி தேவைப்பட்டபோது அவரைக் கூப்பிட்டார்கள். தூக்கி வந்து வைத்தார், போய்விட்டார். முடிந்தபின் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "உரம் போடுறதெல்லாம் நல்லதுதான் தம்பி. பேடை பேப்பர்ல சுத்தி, மேல சிவப்பா ஒரு புள்ளி வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க. உடைஞ்ச கண்ணாடிய தனியா குடுக்கச் சொல்லுங்க. இன்சுலின் ஊசி போடுறவங்க எந்தெந்த வீடுன்னு எனக்குத் தெரியும். கையில குத்துப்பட்டுத்தான் தெரியும்" என்றார்.

இரண்டு மணி நேர வகுப்பில் இல்லாத தகவல் நான்கு வாக்கியங்களில் வந்தது. அந்த வளாகத்தில் எந்த வீடு என்ன தின்கிறது, என்ன வாங்குகிறது, எதை மறைத்துப் போடுகிறது என்ற முழு அறிவும் அவரிடம் இருக்கிறது. மாசு தடுப்பு என்று நிபுணர்கள் சொல்வதன் முதல் படியே குப்பையில் என்ன இருக்கிறது என்று தணிக்கை செய்வதுதான். அந்தத் தணிக்கையைத் தினமும் கையால் செய்பவர் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறார். பிளாஸ்டிக்கை வேண்டாம் என்று சொல்லப் பழகிய நாம் இந்த ஏற்பாட்டை மட்டும் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம்.

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016இலேயே இதையெல்லாம் சொல்லின. நாப்கினைச் சுற்றிப் பத்திரமாகத் தருவது வீட்டாரின் கடமை. அதற்கான உறையைத் தர வேண்டியது அதை விற்கும் நிறுவனத்தின் கடமை. பணியாளருக்குச் சீருடை, ஒளிரும் மேலங்கி, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் தரப்படுவதை உறுதி செய்வது உள்ளாட்சியின் கடமை. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி பற்றிய படங்கள் எனக்கு நூறு முறை வந்திருக்கின்றன. கையுறை பற்றிய விதி ஒருமுறைகூட வந்ததில்லை.

தென்சென்னைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இந்த நகரத்தில் குப்பை அள்ளுவது முதலில் தனியாருக்குப் போனது இங்கேதான். 2000இல் ஓனிக்ஸ் வந்தது. அதற்கு டன் கணக்கில் பணம். எடைக்குக் காசு என்றால் குப்பையைக் குறைப்பதில் நிறுவனத்துக்கு என்ன ஆர்வம் இருக்கும்? 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா, பிறகு ராம்கி. 2020இல் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு உட்பட ஏழு மண்டலங்கள் உர்பேசர் சுமீத்துக்குப் போயின. ஒவ்வொரு முறையும் நாம் வண்டி புதிதா, நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்தோம். வேலையின் பாதுகாப்பு என்ன ஆனது என்று கேட்டவர்கள் தொழிற்சங்கத்தார் மட்டுமே.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் தனியாரிடம் போவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். கையில் வரும் சம்பளம் குறைந்துவிடும் என்பது அவர்கள் அச்சம்; பணி நிரந்தரம் அவர்கள் கோரிக்கை. 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அந்த நாட்களில் நான் இருக்கும் மூன்று 'பூஜ்யக் கழிவு' குழுக்களில் ஒன்றில் மட்டும் ஒரு செய்தி வந்தது. "அரசியல் வேண்டாமே, ப்ளீஸ்" என்று உடனே பதிலும் வந்தது.

குப்பை எங்கே போகிறது என்பதும் அரசியல்தான். தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகப் பெருங்குடிக்குப் போனது. அது காலி நிலமல்ல, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022 ஏப்ரல் இறுதியில் அந்தக் கிடங்கு நாட்கணக்கில் எரிந்தது. அதே ஆண்டு பள்ளிக்கரணை ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சதுப்பின் ஓரத்தில்தான் கண்ணகி நகர் இருக்கிறது, தெற்கே பெரும்பாக்கம். நகரத்துக்குள் குடிசைகளை இழந்தவர்கள் அங்கே குடியேற்றப்பட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்தும் அனுப்பப்பட்டார்கள். குப்பையை அனுப்பிய திசையிலேயே நகரம் தன் சேரிகளையும் அனுப்பியது. வடக்கே கொடுங்கையூருக்கு இப்போது குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வருகிறது என்கிறார்கள். அதை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் மனிதச் சங்கிலி அமைத்தன. அவையும் குடியிருப்போர் சங்கங்கள்தான், அவையும் தகவல் பகிர்கின்றன. எரிஉலைக்கு நாள்தோறும் தீனி வேண்டும். மயிலாப்பூரில் குப்பை குறைந்தால் கொடுங்கையூரின் எரிஉலைக்கு நியாயம் குறைகிறது. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்யலாம். ஆனால் இந்தக் குழுவின் எண் அந்தக் குழுவிடம் இல்லை.

1984இல் போபால் நடந்தது. அதன் அதிர்ச்சியில் 1986இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: எந்த ஆலை எந்த நஞ்சை எவ்வளவு வெளியேற்றுகிறது என்று ஆண்டுதோறும் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும். செத்தது நம் ஊர். தகவல் உரிமை அவர்களுக்கு. அடுத்த ஆண்டே ஒரு தேவாலய அமைப்பின் ஆய்வு, நச்சுக் கழிவுத் தளங்கள் எங்கே அமைகின்றன என்பதைத் தீர்மானிப்பதில் வருமானத்தைவிட நிறம் முக்கியக் காரணி என்று காட்டியது. கழிவின் வரைபடத்தையும் மக்கள்தொகைக் கணக்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்ததுதான் அந்த ஆய்வு செய்த காரியம். சென்னையின் குப்பை வரைபடத்தின்மேல் சாதியை வைத்துப் பார்க்க நமக்கு என்ன தடை?

பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்துக்கு மயிலாப்பூர் மாட வீதிகளில் நீர்மோரும் சோறும் வழங்கும் பந்தல்களைப் பாருங்கள். வாழை இலைக்கும் பாக்குமட்டைத் தட்டுக்கும் மாறச் சொல்லித் தகவல் பரப்புகிறார்கள், நல்லது. இரவோடு இரவாக வீதியைக் கூட்டுகிறவர்களுக்கு அன்று எத்தனை மணி நேர வேலை, மிகைநேர ஊதியம் உண்டா என்பதையும் அதே செய்தியில் சேர்க்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வார்டு வாரியாகக் கேட்கலாம்: எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கையுறை கடைசியாக எப்போது கொடுத்தீர்கள், ஊசி குத்தினால் சிகிச்சை எங்கே, எங்கள் தெருக் குப்பை கடைசியில் எங்கே இறங்குகிறது? வந்த பதிலை உரக் குறிப்புகளோடு சேர்த்தே பகிரலாம்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்காவைப் பேச அழையுங்கள், தொட்டி தூக்க அல்ல. அரை நாள் கூலியைக் கொடுத்து அழையுங்கள். மற்ற பேச்சாளர்களுக்குப் போக்குவரத்துச் செலவு தருகிறீர்கள் அல்லவா. ஞாயிறு காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள், அந்த நேரத்தில் அவர் உங்கள் தெருவில்தான் வண்டியோடு நிற்பார். மாலை நான்கு மணிக்கு வையுங்கள்.