மலிவுக்கு வாங்கிய தக்காளி

தக்காளி விலை ஏறினால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. இறங்கினால் இன்னொரு சண்டை. ஏறிய நாளில், "ரஸத்தில் தக்காளியை வலை போட்டுத்தான் பிடிக்க வேண்டும் போலிருக்கிறதே!" என்பார் அவர். இறங்கிய நாளில், "மலிவு மலிவு என்று வாங்கி அழுக விடுகிறாயே!" என்பார். முதல் சண்டையில் நான் விட்டுக் கொடுப்பதில்லை. இரண்டாவதில் நியாயம் அவர் பக்கம் இருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் இந்தச் சமாசாரத்தை எடுத்துக்கொண்டேன்.

மாசி மாதத்தில் சுரண்டைக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். தென்காசிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சுரண்டை, பாவூர்சத்திரம், கீழப்பாவூர் என்று அந்த வட்டாரமே காய்கறிக்குப் பேர்போனது. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், பல்லாரி எல்லாம் அங்கே விளைந்து சந்தைக்கு வரும். செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டிக் கேரளத்துக்கும் லாரி லாரியாகப் போகும். ஓணம் நெருங்கினால் விலைக்கு உயிர் வரும். வரத்து மிஞ்சினால் சரிந்துவிடும்.

நான் போன நாள் சரிந்த நாள். ஒரு காபி குடிக்கிற காசுக்கு இரண்டு கிலோ! செக்கச்செவேல் என்று குவித்து வைத்திருந்த ஓர் அம்மாளிடம், "என்ன அம்மா, இவ்வளவு மலிவு?" என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டேன்.

"உனக்கு மலிவு தாயி. எங்களுக்குப் பறிக்கிற கூலிக்கே காணல. நேத்து ரெண்டு பாத்தியை அப்படியே செடியிலேயே விட்டுட்டு வந்தோம்" என்றாள்.

பாதி இரக்கம், பாதி ஆசை. பத்துக் கிலோ வாங்கினேன். பிளாஸ்டிக் பையில் கட்டி, பஸ்ஸில் காலடியில் வைத்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து, அதே பையோடு சமையலறை மூலையில் வைத்தேன். முதல் இரண்டு நாள் தக்காளிச் சாதம், தக்காளிச் சட்னி, தக்காளிக் குழம்பு. மூன்றாம் நாள் குழந்தைகள் தட்டைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் மூலையிலிருந்து ஒரு வாடை. பையைத் திறந்தால் அடியில் இருந்தவை கூழாகி, அவற்றின் நீரில் மேலே இருந்தவையும் ஊறிக் கிடந்தன. பாதிக்குப் பாதி குப்பைக்குப் போயிற்று.

அன்றிரவு மைனியுடன் டெலிபோனில் பேசியபோது சொன்னேன்: "அந்த அம்மாள் செடியில் விட்டாள், நான் காசு கொடுத்து வாங்கி வந்து குப்பையில் விட்டேன். என்ன வித்தியாசம், மைனி?"

மைனி சிரிக்கவில்லை. "வாங்கின அன்னைக்கே பங்கு பிரிச்சிரணும். இன்னைக்குத் திங்கிறது, இந்த வாரத்துக்கு வைக்கிறது, அடுப்பேத்துறது. மூணையும் ஒரே பையிலே போட்டா அது எப்படிப் பொறுக்கும்?" என்றாள்.

இந்த ஒரு பேச்சில் விஷயம் முழுவதும் இருக்கிறது. விவரமாகச் சொல்கிறேன்.

முதல் பங்கு, நன்றாகப் பழுத்துக் கெட்டியாக இருப்பவை. இவற்றைப் பச்சையாகச் சாப்பிடுவதுதான் மரியாதை. பழத்திலுள்ள வைட்டமின் 'சி' சூட்டில் குறைந்துபோகும். பொடியாக நறுக்கி, சின்ன உள்ளியும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தயிரில் போட்டு, கடுகு தாளித்தால் பச்சடி. உப்பை மட்டும் இலை போட்ட பிறகு சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் தக்காளி நீர் விட்டுப் பச்சடி மோராகிவிடும். மிஞ்சியதை அடுத்த வேளைக்கு யாரும் தொடமாட்டார்கள். வேண்டிய அளவு மட்டும் நறுக்குங்கள். மிஞ்சிய அரைப் பழத்தை மூடி, குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் ரஸத்தில் போட்டுவிடுங்கள்.

இரண்டாம் பங்கு, செங்காயாக இருப்பவை. இவற்றைக் கழுவாமல், ஈரம் இருந்தால் துடைத்து, மூங்கில் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல், காம்புப் பக்கம் கீழாகக் கவிழ்த்துப் பரப்புங்கள். காம்பு இருந்த இடம்தான் பழத்தின் வாசல். நீர் வெளியேறுவதும் பூஞ்சை உள்ளே நுழைவதும் பெரும்பாலும் அங்கேதான். வாழைப்பழத்தின் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் பழுக்கும். அவசரமில்லை என்றால் தள்ளி வையுங்கள். நாட்டுத் தக்காளிக்குத் தோல் மெல்லிசு, புளிப்பு அதிகம். ரஸத்துக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் நாள் தாங்காது. தோல் தடித்த 'பெங்களூர்' ரகம் சில நாள் கூடப் பொறுக்கும். ஆகவே நாட்டுத் தக்காளியை முதலில் செலவழியுங்கள்.

"குளிர்ப்பெட்டி எதற்கு இருக்கிறது?" என்று கேட்பீர்கள். செங்காயை அதில் வைத்தால் சரியாகப் பழுக்காது. பழுத்ததை வைத்தால் மணம் போய்விடும். 2016-ல் அமெரிக்காவில் புளோரிடா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் பழுத்த தக்காளியை 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். மணத்தை உண்டாக்கும் ஜீன்கள் அடங்கிப் போயின. வெளியே எடுத்து வைத்த பிறகும் பழைய மணம் திரும்பவில்லை. இனிப்பும் புளிப்பும் அப்படியே இருந்தும், சப்பென்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். ஆனாலும் நம் ஊர் கோடையில், நாளைக்கு அழுகிவிடும் என்று தெரிந்த பழத்தை வெளியே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அதை மட்டும் உள்ளே வையுங்கள். இரண்டு மூன்று நாள் கிடைக்கும். மணம் போனாலும் பழம் போகாது.

மூன்றாம் பங்கு, நசுங்கியவை, கனிந்து குழைந்தவை. இவை அன்று சாயங்காலமே அடுப்பேற வேண்டும். 1 கிலோவுக்கு மைனியின் கணக்கு இது: எலுமிச்சை அளவு புளி, 3 மேஜைக்கரண்டி மிளகாய்த் தூள், 2 மேஜைக்கரண்டி உப்பு, 150 மில்லி நல்லெண்ணெய், வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி, பெருங்காயம், கடுகு. எண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, நறுக்கிய தக்காளியையும் புளியையும் போட்டு வதக்கி, நீர் சுண்டியதும் தூளும் உப்பும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கிளற வேண்டும். தக்காளியில் 100 பங்குக்கு 95 பங்கு தண்ணீர்தான். கெடுப்பது அந்தத் தண்ணீர். அதை ஓட்டிவிட்டால் தொக்கு நிற்கும். ஆறிய பிறகு, துடைத்துக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் ஒரு மாதம் வரும். அலுமினியம், பித்தளைப் பாத்திரங்கள் வேண்டாம். புளிப்பு அவற்றை அரிக்கும். எண்ணெயில் வெந்த தக்காளியிலிருந்துதான் அதன் சிவப்புச் சத்தான லைகோபீனை உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்கிறது. ஆகவே சமைப்பதாலும் நஷ்டமில்லை.

மாசி, பங்குனி வெயிலில் வட்டமாக நறுக்கி உப்புத் தடவி வற்றலும் போடலாம். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் அடிக்கும்போது அந்தப் பக்கம் வெயிலை நம்பி எதையும் பரப்ப முடியாது. அப்போது முழுப் பழமாகவே உறைபெட்டியில் போட்டுவிடுங்கள். வெளியே எடுத்ததும் தோல் தானாகக் கழன்றுவரும். பச்சடிக்கு ஆகாது, குழம்புக்கு முதல் தரம்.

ஓர் எச்சரிக்கை. பூஞ்சை பிடித்த பழத்தில் கெட்ட இடத்தை மட்டும் அறுத்துவிட்டு மீதியைச் சமைக்கிற சிக்கனம் வேண்டாம். தக்காளி மெத்தென்ற பழம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். அதைச் செடிக்கு உரமாக்குங்கள்.

2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நாம் எப்படி இருந்தோம், நினைவிருக்கிறதா? சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். அப்போது என் வீட்டில் ஒரு பழமாவது அழுகியதா? ஒன்றுகூட இல்லை! தினமும் எண்ணி எண்ணி எடுத்தேன். ஆக, பாதுகாக்கத் தெரியாமல் இல்லை. பத்து ரூபாய்ப் பொருள்தானே என்ற அலட்சியம்! விலைதான் இறங்கியதே தவிர, அதற்கு இறைத்த தண்ணீரும் குனிந்து பறித்த முதுகு வலியும் இறங்கவில்லையே.

உலகம் முழுவதும் 2022-ல் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் நிறுவனம் 2024-ல் கணக்குச் சொல்லிற்று. அதில் 100-க்கு 60 பங்கு வீடுகளில்தானாம். கடைக்காரரையும் கல்யாண மண்டபத்தையும் குறை சொல்லுமுன் நம் சமையலறை மூலையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்!

பங்குனியில் மறுபடி சுரண்டைக்குப் போனேன். இந்தத் தடவை நாலே கிலோ, துணிப் பையில். வந்த அன்றே பங்கு பிரித்தாயிற்று. தொக்குப் பாட்டில் பத்து நாளில் காலி. நேற்று இட்டிலித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவர் கேட்கிறார்: "ஏன், தக்காளி விலை மறுபடி எப்போது இறங்கும்?"

இரண்டு சண்டையில் ஒன்று தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்!