மனத்துயரும் மூலிகை வாணிபமும்

உடற்பிணிக்கு மருந்து விற்றவர்கள் இன்று மனத்துயருக்கும் மருந்து விற்கத் தலைப்பட்டுள்ளனர். மூலிகைக் கஷாயம் அருந்தி, உலகை மறந்து சில நாள் ஒரு விடுதியில் தங்கினால் நெஞ்சின் பழம்புண்கள் ஆறும். புது மனிதராய் எழலாம் என்பது அவர்தம் பிரசாரம். பெரு நாட்டில், இக்கீற்றோஸ் நகரைச் சூழ்ந்த அமேசான் காட்டுக்கு, 'அயவாஸ்கா' என்னும் மயக்கக் கஷாயத்தை நாடி மேலைநாட்டார் ஆயிரக்கணக்கில் செல்கின்றனர். நம் தீவிலோ பேருவளை, பெந்தோட்டைக் கடற்கரைகளில் ஆயுர்வேத விடுதிகள் எண்ணெய்த் தாரையையும் மௌனத்தையும் டொலருக்கும் யூரோவுக்கும் விற்கின்றன.

"இது வன்னிக்கும் வரட்டுமே! காடு இருக்கிறது, மூலிகை இருக்கிறது, துயரமும் வேண்டியமட்டும் இருக்கிறது" என்று படித்தவர் சிலர் பேசக் கேட்கிறோம். துயரத்தையும் மூலதனக் கணக்கில் சேர்க்கும் இந்தப் பேச்சை எப்படிப் பொறுப்பது?

நாம் மூலிகைக்குப் பகைவரல்லேம். யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய நூலான பரராசசேகரம் நமது முதுசொம். வல்லாரையும் நன்னாரியும் கடுக்காயும் நம் வீட்டுப் பொருள்கள். துணுக்காய் வயல்களில் அரவு தீண்டியவனை ஊரார் தூக்கிச் சென்றது பரியாரியார் வீட்டுக்கே. நள்ளிரவிலும் அவர் கதவு திறந்தது. வெற்றிலையில் வைத்ததை வாங்கிக்கொண்டார். வைக்க இல்லாதவனிடம் கேட்டாரில்லை. எல்லாக் கடிக்கும் அவரிடம் மருந்திருந்தது என்று நாம் சொல்லவில்லை. நஞ்சுமுறி ஊசி காக்கும் உயிரை வேர் காக்காது. ஆயினும் அவரது வைத்தியம் ஊரின் உடைமையாய் இருந்தது. விலைச்சீட்டு ஒட்டப்பட்டதும் அந்த உறவு அறுந்துபோகும்.

அறுந்தால் என்ன நேரும் என்பதற்கு மெக்சிக்கோவின் மரியா சபீனா சாட்சி. ஊவாத்லா என்னும் மலையூரில் வாழ்ந்த மசாத்தெக் பழங்குடிப் பெண் அவர். நோயுற்றோரைக் குணப்படுத்தவே ஒருவகைக் காளானைச் சடங்கில் பயன்படுத்தினார். (காளான் மூலிகையன்று என்பர் தாவர நூலார், வாணிபத்துக்கு அந்த வேற்றுமை ஏது?) 1955இல் அச்சடங்கில் பங்கேற்ற வாசன் என்ற நியூயோர்க் வங்கியாளர், 1957இல் அதை 'லைஃப்' சஞ்சிகையில் எழுதினார். பின்னர் அந்நியர் திரண்டனர். ஊரார் அப்பெண்ணையே பழித்தனர். அவர் வீடு எரிக்கப்பட்டது. 1985இல் வறுமையிலேயே அவர் இறந்தார். அயவாஸ்காக் கொடிக்கோ 1986இல் அமெரிக்கர் ஒருவர் காப்புரிமையே பெற்றுவிட்டார்! அமேசான் பழங்குடிகள் போராடி 1999இல் அதை நீக்குவித்தனர். 2001இல் அது மீண்டும் அவர் கைக்கே போயிற்று.

இனி, வன்னியின் துயரம் எத்தகையது? 2008இன் நடுப்பகுதியில் துணுக்காய், மல்லாவி மக்கள் வீடு வாசல் துறந்து கிழக்கே நடந்தனர். அந்த நடை 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. எஞ்சியோரைச் செட்டிகுளத்து முட்கம்பி முகாம்கள் ஏற்றன. உயிரோடு கையளித்த பிள்ளை எங்கே என்று அன்று கேட்ட தாய் இன்னும் கேட்கிறாள். எட்டுச் செலவும் அந்தியேட்டியும் நம்மவர் துக்கத்துக்குக் கரை வகுத்தவை. அவளால் அவற்றைச் செய்ய இயலாது. செய்தால் மகன் இறந்தான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவளாவாள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் இத்தகைய தாய்மார் தொடங்கிய போராட்டத்தில், விடை காணாமலே கண்மூடியோர் பலர். அவர்களுக்கு வேண்டியது பெயர்ப்பட்டியல். மூச்சுப்பயிற்சியும் மூலிகைத் தேநீரும் அதைத் தந்துவிடுமோ?

"தனிமனிதனுக்கு ஆறுதல் வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும்; ஆயின் எங்கே, யார் கையால்? மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் வட இலங்கை பற்றி எழுதிய ஆய்வில், இங்கே உடைந்தது தனிமனம் மட்டுமன்று, குடும்பமும் ஊருமே என்று காட்டி, அதனைக் கூட்டு மனவடு என்றார். கூட்டாக உடைந்ததைத் தனியறையில் ஒட்டவைக்க முடியாது. மேலும், அயவாஸ்காவை மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு சேர்த்து உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். 2023இல் காளான் மருந்தை அனுமதித்த அவுஸ்திரேலியாவும், அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவரிடமே அதை ஒப்படைத்தது, விடுதிக்காரரிடம் அன்று.

அத்தகைய விடுதி ஒன்று துணுக்காய்க் காட்டோரம் எழுந்தால், மகனைத் தேடும் தாய் எந்த வாயிலால் அதனுள் நுழைவாள்? விரிப்புத் துவைக்கும் பின்வாயிலால்தான். வல்லாரை பிடுங்கிக் கொடுப்பவனுக்கோ கிலோக் கணக்கில் கூலி.

நாம் கேட்பவை வேறு. கிராம வைத்தியசாலையில் மனநல மருத்துவரும் சித்த வைத்தியரும் ஒரே கூரையின்கீழ் இருக்கட்டும். பள்ளிதோறும் பயிற்சி பெற்ற உளவளத்துணை ஆசிரியர் ஒருவர் வேண்டும். மூலிகைத் தோட்டம் ஊர்ச்சங்கத்தின் சொத்தாகட்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, கையளிக்கப்பட்டோரின் பட்டியல் வெளிவரட்டும்.