நுவரெலியாவில் பெய்யாத பனி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம். நுவரெலியாவில் ‘பனிமழை’ பொழிந்ததென்று எங்கோ படித்துவிட்ட என் இளைய மகன், வெள்ளவத்தை வீட்டில் எவரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. பொங்கலை அடுத்து வந்த விடுமுறையிற் புறப்பட்டோம். கோட்டையில் ரயிலேறி, நானுஓயாவில் இறங்கி, விடுதியில் இரவெல்லாம் நடுங்கிக் கிடந்து, காலை எட்டு மணிக்கு வெளியே வந்தால் புல் நனைந்திருந்தது, அவ்வளவுதான். “அப்பா, பனி எங்கே?” என்றான். புவியியல் கற்பிக்கும் நானே சற்றுத் தடுமாறினேன்.

தடுமாற்றத்துக்கு நம் மொழியும் ஒரு காரணம். புல்லில் துளிக்கும் நீரும் நமக்குப் பனி. வெண்பொடியாய் உறைவதும் பனி. இமயத்தில் பஞ்சுபோல் வீழ்வதும் பனி. ‘மாசிப்பனி மூசிப் பெய்யும்’ என்பர் யாழ்ப்பாணத்துப் பாட்டிமார். உண்மையில் அப்பனி பெய்வதேயில்லை. நுவரெலியாவின் வெண்பனியும் அவ்வாறே தரையிற் பிறப்பது.

வானிலிருந்து வீழும் மழைப்பனிக்கு நம் மலைகள் உயரம் போதா. இலங்கைக்கு மேலே வெப்பநிலை பூச்சியப் பாகைக்கு இறங்குவது ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில். பிதுருதலாகலையோ 2,524 மீற்றர். முகிலில் உருவாகும் பனித்துகள்கள் வரும் வழியிலேயே உருகி மழையாகிவிடுகின்றன. ஆலங்கட்டி சில வேளை தப்பிவந்து விழும். அது வேறு கதை.

தரையில் உறையும் பனிக்கு முகிலே பகை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, வடக்கிலிருந்து வறண்ட காற்று வந்து, வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவுகளில், தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகிறது. முகில் இருந்தால் அது போர்வைபோல் அவ்வெப்பத்தைக் காத்திருக்கும். குளிர்ந்த காற்றுப் பாரமானது. ஆதலால் தண்ணீரைப்போலவே சரிவில் வழிந்து பள்ளத்திற் தேங்குகிறது. மேட்டிலுள்ள தேயிலை பச்சையாய் நிற்க, அடிவாரத்திலுள்ளது வெண்மையாகிவிடும். மேலே போகப்போகக் குளிர் என்று நாம் வகுப்பிற் படித்த பாடம் அந்த ஓர் இரவுக்குத் தலைகீழாகிறது.

வளிமண்டலவியல் திணைக்களத்தார், நுவரெலியா மாவட்டத்தில் ‘சில இடங்களில்’ உறைபனி எதிர்பார்க்கப்படுவதாக அறிவிப்பர். எந்த இடங்கள் என்று கேட்டு நகைப்போர் உண்டு. நகைப்பது நியாயமன்று. வெப்பமானி, தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில், வெண்ணிறப் பெட்டிக்குள் இருக்கிறது. அது 3 அல்லது 4 பாகை செல்சியஸ் காட்டும்போதே கீழேயுள்ள புல் பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கலாம். பள்ளத்துக்குப் பள்ளம் ஒரு நிலையம் வைப்பதும் இயலாது. இரவு இரண்டு மணிக்கு ஒரு முகிற்கூட்டம் வந்து தங்கினால் முழுக் கணிப்பும் பிழைத்துவிடும்.

அன்று மாலை ஒரு தோட்டப் பக்கமாக நடந்தோம். பள்ளத்திலிருந்த தேயிலை, நெருப்புப் பட்டதுபோற் கருகியிருந்தது. கொழுந்துக் கூடையோடு வந்த அம்மையாரிடம் விசாரித்தேன்.

“முந்தாநாள் பனிங்க, ஐயா. இந்த மலையில இனிக் கொஞ்ச நாளைக்குக் கொழுந்து இல்ல.”

கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’, அதாவது பாதிச் சம்பளந்தான் என்பதையும் அவரே விளக்கினார். நாங்கள் பார்க்க ஆசைப்பட்டு வந்த பொருளை அவர் வேறு கண்ணாற் பார்த்திருந்தார். என் மகன் பேசாமல் நின்றான்.

“பனி வருமென்று உங்களுக்கு முன்னரே தெரியுமா?” என்று கேட்டேன்.

“ராவுல வானம் நெறைய நட்சத்திரம் தெரிஞ்சு, காத்தும் இல்லாம இருந்தா பயந்தாங்க. ஆனா எந்த மலையில விழும்னு யாரு கண்டா?”

திணைக்களத்தின் அறிக்கையும் ஏறக்குறைய அதைத்தானே சொல்கிறது!

அன்றிரவு மகன் பலமுறை சன்னலைத் திறந்து பார்த்தான். ஒரு நட்சத்திரமும் இல்லை. பத்து மணிக்கெல்லாம் தூறத் தொடங்கிவிட்டது. “நல்லதுதான், அப்பா” என்று கூறிவிட்டுப் போர்த்துக்கொண்டான்.