ஒப்பாரிக்கு மைக் கிடையாது



இந்த இதழின் தலையங்கத்தை வேறொரு விஷயம் பற்றித்தான் எழுதி வைத்திருந்தேன். அச்சுக்குப் போக நாலு நாள் இருக்கையில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். காரணம், பெரம்பூரில் எங்கள் தெருவில் நடந்த ஒரு பெரியவரின் பதினாறாம் நாள் காரியம். பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996இல் மில்லை மூடிய பிறகு வாட்ச்மேன் வேலை, மூட்டை வேலை என்று கிடைத்ததெல்லாம் செய்து ஓய்ந்தவர். ராத்திரி சாமியானா போட்டு, எக்கோ மைக் வைத்து, விடிய விடிய கானா. வடசென்னையில் இது மரியாதை. கானா வைக்காத கருமாதி ஒரு கருமாதியா என்று கேட்பார்கள்.

பத்து மணிக்கு மேல் பெரியவரின் பேத்தி என்னிடம் வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை. "அண்ணா, எங்க தாத்தாவுக்கு நானே ஒரு பாட்டு எழுதி வச்சிருக்கேன். நீங்க சொன்னா பாட விடுவாங்க, சொல்றீங்களா?" என்றாள்.

நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். "இந்நேரத்துல வேணாம்மா. பசங்கெல்லாம் குடிச்சிருக்கானுங்க. நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவான்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "குடிச்சவன வீட்டுக்குப் போன்னு சொல்ல மாட்டீங்க, என்னதான் சொல்லுவீங்க." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

நான் யார்? பெண் விடுதலை இல்லாமல் சாதி ஒழிப்பு இல்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறவன். ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தைப் பெண்களின் முன்னேற்றத்தை வைத்துத்தான் அளப்பேன் என்று அண்ணல் சொன்னதை மேடையில் மனப்பாடமாகச் சொல்கிறவன். அந்த வாய்தான் "நாலு பேர் பேசுவான்" என்று சொன்னது. அந்த நாலு பேரில் முதல் ஆள் நான்.

அன்றைக்கு இன்னொன்றும் உறைத்தது. பெரியவர் செத்த அன்று வீட்டுக்குள்ளே பாடினது முழுக்கப் பெண்கள்தான். ஒப்பாரி. அவர் மனைவி, அந்த ஆயா, பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அறுபது வருஷத்தைப் பாடியது. மில் சங்கு ஊதினதும் ஓடினது, சம்பள நாளில் வாசலில் நின்ற கடன்காரன், மூடின மில்லின் கேட்டைப் பார்த்து வெறுங்கையோடு திரும்பினது, குடித்துவிட்டு வந்து அடித்தது எல்லாமே அதில் வந்தது. செத்தவனை மெச்சுகிற இடத்திலேயே செத்தவன் மேல் குற்றப்பத்திரிகையும் வாசிக்கிற வேறு எந்தக் கலை இருக்கிறது? யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த நேரத்துக்கு அந்த வாயில் கட்டின பாட்டு. பிணம் தெருமுனை தாண்டினதும் பாட்டு நின்றுபோகும், ஏனென்றால் பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது. பதினாறாம் நாள் அதே வாசலில் மைக் வருகிறது, காசு வருகிறது, கைதட்டல் வருகிறது. அப்போது பாடுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள்.

கானாவுக்குச் சித்தர் பாட்டு, லாவணி என்று ஆய்வாளர்கள் பல வேர்கள் காட்டுகிறார்கள். இருக்கட்டும். சாவு வீட்டுக் கானாவைப் பெற்றவள் ஒப்பாரி என்றுதான் நான் சொல்வேன். செத்தவன் பெயரைச் சொல்லி, உறவுமுறை ஒவ்வொன்றையும் இழுத்துக் கட்டி, வாழ்ந்த வாழ்க்கையை அடுக்கிக்கொண்டு போகிற முறை இரண்டிலும் ஒன்றுதான். தாய்க்கு மைக் இல்லை, பிள்ளைக்கு உண்டு. அந்தப் பிள்ளையும் மைக்கைப் பிடித்ததும் என்ன பாடுகிறான்? பாதிப் பாட்டு ஏமாற்றிவிட்டுப் போன பெண்ணைத் திட்டுவது. நம் சேரியின் கலை என்று நாம் நெஞ்சை நிமிர்த்துகிற கானாவில், நம் சேரிப் பெண்ணைக் கொச்சைப்படுத்துகிற பாட்டு எத்தனை என்று கணக்குப் பார்க்க நமக்குத் துணிச்சல் இருக்கிறதா? ஆதிக்க சாதிக்காரன் கானாவை இழிவாகப் பேசும்போது நாம் சண்டைக்குப் போகிறோம். போகத்தான் வேண்டும். அந்தச் சண்டையின் சத்தத்தில் இந்தக் கேள்வி அமுங்கிப் போகிறது.

இந்த இடத்தில்தான் ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணியைப் பேச வேண்டும். 2017இல் இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. அயோத்திதாச பண்டிதர் சாதிபேதமற்றவர்கள் என்று நம்மை அழைத்த சொல்லிலிருந்து எடுத்த பெயர். மேடையில் பத்தொன்பது பேர், அதில் பெண் ஒருவர். அந்த ஒருவர் பாடிய கானாவுக்குத்தான் 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் இடம் கொடுத்தது. நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம், சுவரொட்டி கூட ஒட்டினோம். பத்தொன்பதில் ஏன் ஒன்று என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும்தான் கேட்கவில்லை.

பிறகு 2024 நவம்பர். சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னதை ஒட்டிய காலத்தில் அந்தக் குழு பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாட்டை ஆறு வருஷம் கழித்துத் தோண்டி எடுத்தார்கள். கைது செய் என்று புகார்கள், ஆபாச வசவு, மிரட்டல். பாட்டு குழுவினுடையது. எழுதியதில், இசைத்ததில், மேடையேற்றியதில் எத்தனையோ ஆண்கள். வசவில் பெரும்பங்கு போய்ச் சேர்ந்தது பாடின பெண்ணுக்கு. அதுவும் கருத்தைத் திட்டவில்லை, உடம்பைத் திட்டினார்கள். பாட்டுக்காரனை எதிர்க்கிறவன் "உன் பாட்டு தப்பு" என்பான். பாட்டுக்காரியை எதிர்க்கிறவன் நேராகப் படுக்கையறைக்குப் போய்விடுகிறான். இந்துத்துவாவின் மொழி இது என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. "நாலு பேர் பேசுவான்" என்று நான் சொன்னேனே, அந்த நாலு பேர் பேசுகிற மொழியும் இதுதான்.

வேறு மாதிரி நடக்க முடியுமா? முடிந்திருக்கிறது. திண்டுக்கல்லில் சிஸ்டர் சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவைப் பாருங்கள். 1990களிலிருந்து கிராமத்து தலித் பெண்பிள்ளைகள் அங்கே பறை கற்று ஆடுகிறார்கள். பறை ஆண்கள் மட்டும் அடித்த கருவி. சாவுக்கு அடிக்க வேண்டும், அடித்தால் தீட்டு, அடிக்காவிட்டால் உதை. அதனால்தான் வட, தென்னாற்காட்டுப் பக்கங்களில் நம் மக்கள் இனி பறையடிக்க மாட்டோம் என்று மறுத்துப் போராடினார்கள். அந்தப் போராட்டத்தை நான் வணங்குகிறேன். ஆனால் ஒன்று யோசித்தேன். பறை அடிக்கச் சொல்லி யாரும் பெண்ணைக் கட்டாயப்படுத்தியதில்லை. அதன் இழிவு மட்டும் பறையன் பொண்டாட்டி, பறையன் மகள் என்று அவள் தலையிலும் விழுந்தது. அந்தப் பிள்ளைகள் தோலைத் தீயில் காட்டி விறைப்பேற்றி, அடிக்குச்சியையும் சிம்புக்குச்சியையும் கையில் எடுத்தபோது சாதியையும் ஆணையும் ஒரே அடியில் அடித்தார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்தார். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது மேடை அல்ல. ஒரு பெண் தனியாக மேடை ஏறவில்லை, பத்துப் பேர் ஒன்றாக ஏறினார்கள், ஒன்றாக வண்டியில் வீடு திரும்பினார்கள். திட்டுகிறவனுக்கு எந்த ஒருத்தியைக் குறிவைப்பது என்று தெரியாது.

இனி பத்திரிகைக்கு வருகிறேன். வெளியே நீட்டின விரலை நம் பக்கம் திருப்ப வேண்டிய இடம் இது.

நமக்கு அச்சு மரபு ஒன்றும் நேற்று வந்ததில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். இதெல்லாம் நம் பேச்சாளர்கள் எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம். இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது வருஷத்துக்குள்ளேயே கோலார் தங்கவயல் தமிழர்கள் மத்தியிலிருந்து சொப்பனேஸ்வரி அம்மாள் பெண்களுக்காகப் பத்திரிகை நடத்தினார். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்? மீனாம்பாள் சிவராஜ் பேரைச் சொல்வோம், என்ன பேசினார் என்று சொல்ல மாட்டோம். 1990களில் சிவகாமி 'புதிய கோடாங்கி'யை நடத்தினார். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. இவர்கள் இரண்டு பேரும் வெளியே சாதியைத் தாக்கியதற்குக் கைதட்டியவர்கள், உள்ளே தலித் ஆணைக் கேள்வி கேட்டபோது "இது எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிற வேலை" என்று முணுமுணுத்ததை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தம், அதைத் தொடர்ந்து புளியந்தோப்பில் நம் குடிசைகள் எரிந்தது பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அதில் போலீஸ் பேசுகிறது, ஆலை முதலாளி பேசுகிறான், தலைவர்கள் பேசுகிறார்கள். எரிந்த குடிசைக்குள்ளிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் பேசுவதை நான் படித்த எதிலும் பார்க்கவில்லை. அவள் அன்றைக்கு நிச்சயம் ஒப்பாரி வைத்திருப்பாள். அது போய்விட்டது.

நம் இதழில் மட்டும் என்ன வாழ்கிறது? பழைய இதழ்களையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். பெண்கள் எழுதின கட்டுரையை எண்ண ஒரு கையே மிச்சம். ஆனால் இதழை மடித்தது, தபால்தலை ஒட்டியது, மெய்ப்புப் பார்த்தது, கூட்டத்துக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்டது யார்? ஆசிரியர் குழுவில் இருக்கிற ஒரு பெண் தோழரின் பெயரைப் போன வருஷம் வரை அச்சிடவே மறந்திருக்கிறோம். கேட்டால், "அவங்களே வேணாம்னுட்டாங்க" என்பார்கள். நான் நேரில் கேட்டேன். "யாரும் என்னக் கேக்கவே இல்லையே அண்ணா" என்றார்.

உத்தரப்பிரதேசத்தில் சித்ரகூடத்தில் 2002இல் 'கபர் லகரியா' தொடங்கினார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். புந்தேலி மொழியில், கிராமம் கிராமமாக நடந்து போய்ச் செய்தி சேகரித்து அவர்களே எழுதி அவர்களே விற்றார்கள். பிறகு செல்பேசியில் படம் பிடித்துச் செய்தி போடத் தொடங்கினார்கள். அவர்களைப் பற்றி எடுத்த 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. உலகமே கொண்டாடிய அந்த நேரத்தில், படம் எங்கள் வேலையின் ஒரு பகுதியைத்தான் காட்டுகிறது, முழுசாக இல்லை என்று அவர்களே அறிக்கை விட்டார்கள். எனக்கு ஆஸ்கரைவிட அந்த அறிக்கை பெரிசு. அமெரிக்காவில் 1991 வாக்கில் ஒலிம்பியா நகரத்து இளம்பெண்கள் கித்தாரையும் ஜெராக்ஸ் மிஷினையும் வைத்துக்கொண்டு 'ரயட் கர்ள்' என்று ஒரு கலகம் செய்தார்கள். நாம் சைக்ளோஸ்டைல் பண்ணினது மாதிரி கையெழுத்துப் பிரதியை நகலெடுத்துக் கைக்குக் கை கொடுத்தார்கள். கச்சேரியில் பெண்கள் முன்னால் வாருங்கள், ஆண்கள் பின்னால் போங்கள் என்றார்கள். அதிலும் கறுப்பினப் பெண்களுக்கு இடம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. விடுதலை பேசுகிற எந்தப் பந்தலிலும் யாராவது வெளியே நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

காசு பற்றியும் சொல்லிவிட வேண்டும். இதழுக்கும் கலைவிழாவுக்கும் கம்பெனிக் காசு வாங்கலாமா என்று சில தோழர்கள் கேட்டிருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் கவிஞர் சுகிர்தராணி தனக்கு அறிவித்த தேவி விருதை வேண்டாம் என்றார், நிகழ்ச்சிக்கு முக்கியப் புரவலர் அதானி குழுமம் என்று தெரிந்ததும். எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் அதே குழுமத்தின் கையில் இருக்கிறது. அந்தக் கடற்கரை மீனவப் பெண்களிடம் போய்க் கேட்டால் அந்த மறுப்பின் அர்த்தம் இன்னும் விளங்கும். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வேண்டாம் என்று சொல்ல முடிந்ததை ஒரு இயக்கப் பத்திரிகை சொல்ல முடியாதா? நம்மிடம் உண்டியல் இருக்கிறது, அது போதும்.

ஆகவே ஆசிரியர் குழு கூடி முடிவு செய்தது இது. அடுத்த இதழ் முழுவதும் இளம்பெண்களின் கையில். தலையங்கம் உட்பட. ஆண் தோழர்கள் யாரும் திருத்த மாட்டோம், எழுத்துப்பிழை உட்பட. பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். படம் போட்டால் அதை எடுத்து அசிங்கப்படுத்துவார்கள் என்று பயந்தால் படம் கிடையாது. உண்டியல் சாவியும் அவர்களிடமே. ஆயாக்களின் ஒப்பாரியைப் பதிவு செய்கிற வேலையை அவர்களே தொடங்குகிறார்கள், பாடின ஆயாவின் பெயரோடு, அவர் அனுமதியோடு. கலைஞராகிவிட்ட பேரன் பேரைச் சொல்லி ஆயாவின் பேரை விட்டுவிடுகிற பழக்கம் இதில் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் மறுபடி பந்தல் போடுகிறோம். இந்த முறை பாடுகிறவர்கள் பேத்தியும் அவள் தோழிகள் ஆறு பேரும். அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணா. குடிச்சிட்டு வர்றவன உள்ள விடாம வாசல்ல நிக்கறதுக்கு ஆள் வேணும். நீங்க நிப்பீங்களா?" என்றாள்.

நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்னோடு நிற்க இன்னும் நாலு பேர் வேண்டும். வர முடிந்தவர்கள் ஏழு மணிக்கே வந்துவிடுங்கள்.