முள்மரமும் கோடரியும்

சென்ற வாரம் வகுப்பில் திருக்குறளின் 'பகைத்திறம் தெரிதல்' என்னும் அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தோம். முள்மரத்தை இளங்கன்றாக இருக்கும்போதே களைந்துவிட வேண்டும், முற்றவிட்டால் வெட்டுகிறவன் கையையே அது வருத்தும் என்று வள்ளுவர் எச்சரிக்கும் குறளுக்கு வந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, பகை நாடு ஒன்று அணுகுண்டு செய்ய ஆரம்பித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செய்து முடிக்கும் வரையில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? முன்கூட்டியே போய் அழித்துவிடுவதுதானே வள்ளுவர் காட்டும் வழி?" என்று கேட்டான்.

நல்ல வேளையாக அச்சமயம் மணி அடித்தது. ஆனால் மணி அடித்ததனால் கேள்வி மறைந்துவிடுமா? வீடு திரும்பும் வழியெல்லாம் அது நம்மைத் தொடர்ந்து வந்தது. அந்தப் பையன் கேட்ட கேள்வியைப் பெரிய தேசங்களின் மந்திரி சபைகளும் கேட்டிருக்கின்றன. குண்டு வீசி அதற்கு விடையும் சொல்லியிருக்கின்றன. அவற்றுள் முதன்மையான ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனால் விளைந்தது என்ன என்பதை நேயர்களுடன் சேர்ந்து சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

1981-ஆம் வருஷம் ஜூன் மாதம் 7-ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை. அப்போது இஸ்ரேலின் வசமிருந்த ஸினாய்ப் பாலைவனத்திலிருந்து 8 குண்டுவீச்சு விமானங்களும், அவற்றுக்குக் காவலாக 6 போர் விமானங்களும் கிளம்பின. தரையை ஒட்டினாற்போலத் தாழப் பறந்து, 1,000 கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தைக் கடந்து, ஈராக்கின் தலைநகரான பாக்தாத்துக்குத் தென்கிழக்கே துவைதா என்னும் இடத்தை அடைந்தன. அங்கே பிரெஞ்சுக்காரர்களின் உதவியுடன் ஈராக் ஓர் அணு உலையைக் கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷத்துக்குள் காரியம் முடிந்தது. உலை இடிபாடாயிற்று. ஈராக்கியப் படைவீரர் பத்துப் பேரும், பிரெஞ்சு இளைஞர் ஒருவரும் மாண்டனர். சென்ற விமானங்கள் அத்தனையும் பத்திரமாகத் திரும்பின.

இஸ்ரேலின் பிரதம மந்திரியாயிருந்த மெனாகிம் பெகின் இதற்குக் கூறிய சமாதானத்தை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. அவர் தம்முடைய பெற்றோரையும் தமையனையும் நாஜிகளின் கொலை வெறிக்குப் பறிகொடுத்தவர். தம் இனத்தாரில் அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்டதை உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை அப்படி நடக்க விடமாட்டோம் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். எதிரியாக நின்ற ஸதாம் ஹுஸேனும் சாது அல்லர். 1980-இல் ஈரான்மீது படையெடுத்தார். 1988-இல் ஹலப்ஜா என்னும் ஊரில் தம்முடைய பிரஜைகளான குர்து மக்களையே விஷ வாயுவால் ஆயிரக்கணக்கில் கொன்றார். 1990-இல் குவைத்தை விழுங்கினார். அந்தக் கையில் அணுகுண்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று சொல்ல நம்மால் முடியாது.

ஆயினும் கதை துவைதாவோடு முடிந்துவிடவில்லை. குண்டு விழுந்த பிறகு ஈராக் என்ன செய்தது? இடிந்த உலை ஒளிவு மறைவாகக் கட்டப்பட்டதன்று. பிரெஞ்சு நிபுணர்கள் அங்கே வேலை செய்து வந்தனர். அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையில் ஈராக் கையெழுத்திட்டிருந்தமையால் சர்வதேச அணுசக்தி ஸ்தாபனத்தின் பரிசோதகர்களும் போய்ப் பார்க்க முடிந்தது. குண்டுவீச்சுக்குப் பின் ஸதாம் இந்தப் பாதையை விட்டு இரகசியப் பாதையில் இறங்கினார். அதற்கு முன் காவலில் வைக்கப்பட்டிருந்த ஜாஃபர் தியா ஜாஃபர் என்ற பௌதிக விஞ்ஞானி விடுவிக்கப்பட்டார்; யுரேனியத்தைச் செறிவூட்டும் பெரும் பொறுப்பு அவரிடம் வந்தது. சில நூறு பேர் செய்துகொண்டிருந்த வேலையில் பல ஆயிரம் பேர் ஈடுபடுத்தப்பட்டனர். பத்து வருஷ காலம் இது வெளியுலகுக்குச் சரிவரத் தெரியவே தெரியாது.

நம் கிராமப்புறங்களில் சீமைக் கருவேல மரத்தோடு மல்லுக்கு நின்றவர்களுக்கு இந்த விஷயம் எளிதில் விளங்கும். கோடரியால் ஒரே போடாகப் போட்டு மரத்தைச் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அடுத்த மழைக்கு அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளைகள் துளிர்த்து நிற்கும். உலை என்பது வெறும் மரம். வேர் இருப்பது விஞ்ஞானிகளின் மூளையிலும், அதைவிட ஆழமாக, அவமானம் அடைந்த ஓர் அரசாங்கத்தின் நெஞ்சிலும். அவ்விடத்துக்குக் குண்டு எட்டாது. அந்தத் தாக்குதல் ஈராக்கின் முயற்சியைத் தாமதப்படுத்தியதா, துரிதப்படுத்தியதா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். முயற்சி நிற்கவில்லை என்பதில் மட்டும் வாதம் இல்லை.

பின் எதனால் அது நின்றது? 1991-இல் வளைகுடா யுத்தத்தில் ஈராக் தோற்ற பிறகு, ஐக்கிய நாடுகளின் அதிகாரத்தோடு பரிசோதகர்கள் உள்ளே நுழைந்தார்கள். யந்திரங்களை லாரிகளில் ஏற்றி ஒளித்தபோது துரத்திச் சென்று படம் பிடித்தார்கள். தஸ்தாவேஜுகளைக் கைப்பற்றியபோது பாக்தாத்தில் ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் நான்கு நாட்கள் மறிக்கப்பட்டும், அவற்றை விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தோல்வியும் பொருளாதாரத் தடையும் அவர்களுக்குப் பக்கபலமாயிருந்தன என்பது உண்மையே. ஆனால் விமானத்தின் கண்ணுக்குத் தப்பியதைக் கண்டுபிடித்து அழிக்கச் செய்தவர்கள் கையில் குறிப்புப் புத்தகத்துடன் நடந்து சென்ற இந்த மனிதர்களே.

இதற்கு மேல் ஒரு வேடிக்கை. சிரிக்க முடியாத வேடிக்கை. ஈராக்கின் அணு ஆயுத முயற்சி 1991-லேயே முடிந்துவிட்டது. ஆனால் 2003-இல், அது இன்னும் உயிரோடிருக்கிறது என்று சொல்லி அமெரிக்காவும் பிரிட்டனும் படையெடுத்தன. தேடித் தேடிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் ஒரு தேசம் சிதைந்துவிட்டது. லட்சத்துக்கும் மேற்பட்ட குடிமக்கள் மடிந்தார்கள். சந்தேகத்தையே சாட்சியாகக் கொண்டு தண்டனை கொடுக்கலாம் என்று ஒரு முறை ஒப்புக்கொண்டோமானால், அந்தத் தர்க்கம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

ஈரானின் கதையும் இதையே சொல்கிறது. 2015-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி அது தன் செறிவூட்டிய யுரேனியத்தில் மிகப் பெரும் பகுதியை நாட்டுக்கு வெளியே அனுப்பியது. பரிசோதகர்கள் உள்ளே இருந்து கவனித்தார்கள். 2018-இல் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை உதறியது. பிறகு ஈரான் 60 சதவிகிதம் வரை செறிவூட்டத் தொடங்கியது. 2025 ஜூனில் இஸ்ரேலும், அதன் பின் அமெரிக்காவும் குண்டு வீசின. சில நாட்களுக்குள் பரிசோதகர்களுடன் ஒத்துழைப்பை நிறுத்தி வைக்க ஈரான் சட்டம் இயற்றியது. காவற்காரனின் விளக்கை முதலில் அணைத்துவிட்டு, பிறகு இருட்டில் திருடனைத் தேடுவது போன்றதல்லவா இது?

அப்படியானால் தற்காப்பு என்பதே கிடையாதா? உண்டு. 1837-இல் நயாகரா ஆற்றில் 'கரோலின்' என்ற அமெரிக்கக் கப்பலை, கனடாவிலிருந்த பிரிட்டிஷ் படை முன்கூட்டியே தாக்கிக் கொளுத்தியது. அது பற்றி அமெரிக்க மந்திரி டேனியல் வெப்ஸ்டர் 1841-இல் எழுதிய கடிதத்திலிருந்து ஒரு நெறி பிறந்தது. ஆபத்து அந்தக் கணமே தலைக்கு மேல் வந்து நிற்க வேண்டும். வேறு வழியோ, யோசிக்க நேரமோ இருக்கக்கூடாது. அப்போதுதான் முந்திக்கொண்டு அடிக்கலாம் என்பது அதன் கருத்து. ஓங்கிய கையைத் தடுக்கலாம். என்றைக்காவது ஓங்கக்கூடும் என்று எண்ணி ஒருவன் கையை வெட்டலாகாது. துவைதா உலையில் இன்னும் எரிபொருள்கூட இடப்படவில்லை. ஆகவேதான் 1981 ஜூன் 19-ஆந் தேதி பாதுகாப்பு சபை அத்தாக்குதலை ஒருமுகமாகக் கண்டித்தது. அமெரிக்காவும் கண்டித்து வாக்களித்தது. இஸ்ரேல் தன் சொந்த அணு நிலையங்களையும் பரிசோதனைக்குத் திறந்துவிட வேண்டுமென்று அதே தீர்மானம் கேட்டுக்கொண்டது. அது மட்டும் நடக்கவில்லை.

நம் தேசத்தவராகிய நாம் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நாமும் அந்தத் தடை உடன்படிக்கையில் கையெழுத்திடாதவர்கள். 1974-லும் 1998-லும் அணு வெடிப்புச் சோதனை செய்தவர்கள். பகைவனின் உலையை முந்திக்கொண்டு இடிக்கலாம் என்பதே உலக நியதியானால், நம் உலைகளுக்கு மட்டும் யார் விலக்கு அளிக்கப் போகிறார்கள்? கல்பாக்கமும் கூடங்குளமும் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருப்பவை. அவை எரிபொருள் இடப்படாத உலைகளும் அல்ல. ஓடும் உலை உடைந்தால் கிளம்பும் விஷம், காற்று வீசும் பக்கம் போகும். இது யாருடைய வீடு என்று அது விசாரிக்காது.

1980-களில் இந்தியாவும் பாகிஸ்தானும் இதே அச்சத்தால் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. ஆனால் 1988 டிஸம்பர் 31-ஆந் தேதி இஸ்லாமாபாத்தில், ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று ராஜீவ் காந்தி, பேநஸீர் புட்டோ இருவருடைய காலத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1-ஆந் தேதி இரு சர்க்கார்களும் தங்கள் அணு நிலையங்களின் ஜாபிதாவைப் பரிமாறிக்கொண்டு வந்திருக்கின்றன. 1999-இல் கார்கிலில் ரத்தம் சிந்தியது. அதற்கு அடுத்த ஜனவரியிலும் அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தது. நட்பு இல்லாத இடத்திலும் வாக்கைக் காப்பாற்றலாம் என்பதற்கு இது அத்தாட்சி. இதைக் கோழைத்தனம் என்று நம்மில் யாரும் சொல்லமாட்டார்கள்.

நாளை வகுப்பில் அந்த மாணவனுக்கு என்ன சொல்வது என்று இப்போது தெளிவாகியிருக்கிறது. தம்பி, அந்த அதிகாரத்தில் இருப்பது ஒரு குறள் அல்ல, பத்து. முள்மரத்தைச் சொன்ன அதே வள்ளுவர், பகைவனையும் நண்பனாக்கிக்கொள்ளும் பண்புடையவனின் பெருமையில் உலகமே தங்கியிருக்கிறது என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறார். ஒன்றை மட்டும் மனனம் செய்துகொண்டு மற்றதை விட்டுவிடலாகாது. கோடரி நம் வீட்டிலும் இருக்கட்டும். ஓங்கி வந்த கையைத் தடுக்க அது வேண்டும். ஆனால் களைய வேண்டியது வேர் என்றால், அதற்குக் கோடரி உதவாது. பொறுமையாகக் குனிந்து, மண்ணைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.